கயிறு மாறிய பிறகு: ஆளில்லாத் தரைப் போர் வண்டிகள்

ஆவுடையார்கோவில் என்றதும் கொடுங்கையும் மாணிக்கவாசகரும் நினைவுக்கு வருவார்கள். அந்தத் தலத்தின் கதையை ராணுவக் கொள்முதல் கதையாகவும் படிக்கலாம் என்பது அவ்வளவாக யாருக்கும் தோன்றுவதில்லை. குதிரைப் படைக்குக் குதிரை வாங்கிவரச் சொல்லி அரிமர்த்தன பாண்டியன் கருவூலத்திலிருந்து பொன்னை எடுத்துக் கொடுக்கிறான். அதை வாங்கிக்கொண்டு கீழைக் கடற்கரைக்குப் புறப்பட்ட அமைச்சர் வாதவூரர் (பின்னாளின் மாணிக்கவாசகர்), இன்றைய ஆவுடையார்கோவிலான திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் காண்கிறார். குதிரைப் பணம் கோயில் பணமாகிறது. அரசன் நெருக்கியபோது ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்துசேர்கின்றன. ஓட்டி வந்தவர் குதிரைச் சேவகன் வேடத்திலிருந்த இறைவன். குதிரைகளோ காட்டு நரிகள். மன்னன் முன்னால் அவற்றை நடத்தியும் ஓட்டியும் காட்டுகிறார். பிறகு கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு கைமாறிவிட்டால் அதன்பின் என்ன நேர்ந்தாலும் வாங்கியவர் பாடு. அன்றிரவே அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிடுகின்றன. பக்தருக்கு இது திருவிளையாடல். ஆயுதம் வாங்கும் பொறுப்பில் இருப்பவருக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு: பகலில், பரிசோதகர்கள் சூழ நிற்க, சமதரையில் ஓடிக் காட்டியது இரவில் லாயத்தில் என்னவாகும் என்பதை அந்த அவையில் ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைய படைகள் வாங்கத் துடிக்கும் புதிய குதிரை, ஆளில்லாமல் ஓடும் சங்கிலிச் சக்கரப் போர் வண்டி. அது என்ன என்று ஆவுடையார்கோவில் வட்டாரத்து விவசாயிக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. தை மாதத்தில் வயல் காயாமல் சொதசொதவென்று கிடக்கும்போது டயர் வண்டி இறங்கினால் புதையும் என்று பெல்ட் வண்டி அறுவடை இயந்திரத்தை வரவழைப்பார்கள். வண்டியின் எடை நான்கு டயர்களின் நுனியில் குவியாமல் நீண்ட பட்டையில் பரவுவதால் சேற்றிலும் அது நடக்கும். டாங்கியும் அதே சூத்திரத்தில்தான் ஓடுகிறது. சுமார் 14 டன் எடையுள்ள ஒரு காலாட்படைக் கவச வண்டி தரையில் செலுத்தும் அழுத்தம், மனிதன் நிற்கும்போது அவன் காலடியில் விழும் அழுத்தத்தோடு ஒப்பிடத் தக்கது. இந்த வண்டியிலிருந்து ஓட்டுநரையும் சுடுபவரையும் இறக்கிவிட்டு, கேமராவையும் ரேடியோவையும் ஏற்றினால் கிடைப்பதுதான் நம் கட்டுரையின் பொருள். தமிழ்நாட்டிலேயே அப்படி ஒன்று செய்யப்பட்டிருக்கிறது. ஆவடியில் உள்ள போர் வண்டி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், ரஷ்ய வடிவமான பிஎம்பி-2 வண்டியை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘முந்த்ரா’ வண்டிகள் 2017 ஜூலையில், அப்துல் கலாம் நினைவாக ஆவடியில் நடந்த கண்காட்சியில் காட்டப்பட்டன. கண்காணிப்புக்கு ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர், நச்சு, நோய்க்கிருமி பரவிய இடங்களை வேவு பார்க்க ஒன்று என மூன்று வகை. கண்காணிப்பு வண்டியின் ரேடாரும் கேமராவும் 15 கிலோமீட்டர் தொலைவில் தவழ்ந்து வரும் மனிதனையும் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லப்பட்டது. ராஜஸ்தானின் மகாஜன் திடலில், வெயில் 52 டிகிரியைத் தொடும் மணலில், இவற்றை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த மூன்றில் ஒன்றுகூடச் சுடுவதற்கென்று செய்யப்பட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஆவடியின் பின்தங்கலா, விவேகமா? விவேகம் என்பதே என் கட்சி. ‘ஆளில்லா’ என்ற அடைமொழி நம்மை ஏமாற்றுகிறது. வண்டியிலிருந்து இறங்கிய ஆள் காணாமல் போய்விடுவதில்லை. பின்னால் ஓரிடத்தில் திரைக்கு முன் உட்கார்கிறார். அவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கயிறு தேவைப்படுகிறது. அது கம்பியாக இருக்கலாம், ரேடியோ அலையாக இருக்கலாம், கண்ணாடி இழையாக இருக்கலாம். அந்தக் கயிறு எவ்வளவு தூரம் நீளும், எதற்கு அறும், அதன் இந்த முனையில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பவற்றைப் பொறுத்தே வண்டியின் மதிப்பு அமையும். பீரங்கியின் விட்டமும் கவசத்தின் தடிமனும் அதற்குப் பிறகுதான். ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டுமே. ஆனாலும் அந்த இருக்கை காலியாக இருக்கிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு அமைச்சகங்களோ இருக்கையைப் பார்த்ததும் ஆள் மிச்சம் என்று கணக்கெழுதிவிடுகின்றன.

இந்த ஆசை புதியதும் இல்லை. சோவியத் யூனியன் 1930களில் டி-26 டாங்கியை ரேடியோவால் இயக்கும் ‘டெலி டாங்கி’யாக மாற்றியது. ஒரு டாங்கியில் ஆட்கள் உட்கார்ந்து, 500 முதல் 1,500 மீட்டர் முன்னால் போகும் ஆளில்லா டாங்கிக்குக் கட்டளை அனுப்புவார்கள். 1939-40 பின்லாந்துப் போரில் அவை இறங்கின. வண்டியில் கேமரா பொருத்தாத காலம். பின்னால் இருப்பவர் தன் டாங்கியின் கண்ணாடி வழியே பார்த்துத்தான் முன்னதை ஓட்ட வேண்டும். முன்னதற்கு எதிரே உள்ள பள்ளம் அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒரு டாங்கியின் வேலையைச் செய்ய இரண்டு டாங்கி போனதுதான் மிச்சம். ஜெர்மனி வேறு வழியில் போனது. ‘கோலியாத்’ என்று அழைக்கப்பட்ட குட்டி வண்டி, முழங்கால் உயரம், சங்கிலிச் சக்கரம், வயிற்றில் 60 கிலோ அல்லது அதற்கு மேல் வெடிமருந்து, வாலில் சில நூறு மீட்டர் கம்பி. 7,500க்கு மேல் செய்தார்கள். இலக்கின் அடியில் போய்த் தன்னையே வெடித்துக்கொள்வதுதான் அதன் ஒரே வேலை. 1944இல் வார்சா நகர எழுச்சியின்போது போராளிகள் கண்டுபிடித்த பதில் மிக எளிது: வண்டியை விட்டுவிட்டு வாலை வெட்டினார்கள். இப்போது உக்ரைனில் ஜாமர்கள் ரேடியோவை அடைத்துவிடுவதால், ட்ரோன்கள் கிலோமீட்டர் கணக்கில் கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டு பறக்கின்றன. எண்பது ஆண்டு சுற்றி வந்து மறுபடி வாலில் கயிறு.

பகலில் பரி, இரவில் நரி என்பதற்கு நம் காலத்தின் துல்லியமான சாட்சி ரஷ்யாவின் ‘உரான்-9’. ஏறத்தாழ 12 டன், 30 மில்லிமீட்டர் துப்பாக்கி, டாங்கியைத் துளைக்கும் ஏவுகணைகள். 2018 மே 9 அன்று மாஸ்கோ செஞ்சதுக்க அணிவகுப்பில் அது வலம் வந்தது. அதே ஆண்டு, சிரியாவில் அதைச் சோதித்த அனுபவத்தை ரஷ்ய ராணுவ ஆய்வு நிறுவனம் ஒன்று கருத்தரங்கில் எடுத்துரைத்த விவரம் வெளியே வந்தது. கிலோமீட்டர் கணக்கில் எட்டும் என்று எதிர்பார்த்த கட்டுப்பாடு, கட்டடங்கள் நிறைந்த இடத்தில் 300 முதல் 500 மீட்டரிலேயே நின்றுவிட்டது. 17 முறை ஒரு நிமிடம் வரை தொடர்பு அறுந்தது. இரண்டு முறை ஒன்றரை மணி நேரம் வரை. ஓடிக்கொண்டே சுட முடியவில்லை. துப்பாக்கி சில நேரம் தாமதித்தது. கேமரா, எதிர்பார்த்த தூரத்தில் பாதிக்கும் குறைவாகவே இலக்கைக் காட்டியது. சக்கர உருளைகளும் தாங்கு அமைப்பும் அடிக்கடிப் பழுதாகி, களத்திலேயே சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். எதிரியின் தெருவில், குண்டு நிரம்பிய துப்பாக்கியோடு, யார் சொல்லும் கேட்காமல் ஒரு வண்டி நிற்கிறது. அதை மீட்க ஆள் அனுப்பினால் வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரணமே போய்விடுகிறது. அனுப்பாவிட்டால் எதிரி வந்து எடுத்துக்கொள்வான். குறைகளைக் களைந்துவிட்டதாகப் பிறகு ரஷ்யா சொன்னது, படையிலும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே நாட்டின் அதே பெயர் வரிசையில் வந்த ‘உரான்-6’ என்ற கண்ணி அகற்றும் வண்டி, 2016இல் பல்மைராவில் சத்தமில்லாமல் வேலை பார்த்தது. காரணம் வெளிப்படை. கண்ணி அகற்றுபவர் பக்கத்திலேயே, பார்வைக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம். கண்ணி திருப்பிச் சுடாது. தொடர்பு அறுந்தால் வண்டி நிற்கட்டும், யாருக்கும் அவசரமில்லை. குட்டைக் கயிறு போதுமான வேலை அது.

டாங்கிக்குள் இருப்பவர்கள் ஓட்டுவதும் சுடுவதும் மட்டும்தான் செய்கிறார்கள் என்ற எண்ணத்திலும் பிழை இருக்கிறது. சங்கிலிப் பட்டை என்பது இரும்புக் கண்ணிகளை முள் செருகிக் கோத்த மாலை. திரும்பும்போது கல் சிக்கினாலோ, தளர்ந்திருந்தாலோ பல்சக்கரத்திலிருந்து நழுவிவிடும். அப்போது ஆட்கள் குதித்து இறங்கிச் சம்மட்டியால் முள்ளைத் தட்டிக் கழற்றி, கடப்பாரையால் பட்டையை நெம்பி, ஒருவர் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த மற்றவர்கள் கோத்து முடிப்பார்கள். வயலில் பெல்ட் கழன்ற அறுவடை வண்டியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். அது தவிர, கேமராக் கண்ணாடியில் அப்பிய சேற்றைத் துடைப்பது, எண்ணெய் பார்ப்பது, எஞ்சின் சத்தத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் காதால் பிடிப்பது, இரவில் முறை வைத்துக் காவல் காப்பது எல்லாம் உள்ளே இருப்பவர்களின் வேலை. ஆளை இறக்கியபின் இந்த வேலைகள் ஒழிந்துவிடாமல், வேறு ஒருவர் தலையில் விழுகின்றன. அந்த வேறு ஒருவரை எந்த விலைப்பட்டியலும் சேர்த்துக்கொள்வதில்லை.

பாண்டியர் காலக் குதிரை வாணிகம் இதை முன்பே சொல்லிவைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், ஆண்டு முடிவில் அவற்றில் சிலவே உயிரோடு மிஞ்சுவதையும் எழுதினார். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் இங்கே ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் இங்கு வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், கடலில் செத்த குதிரைக்கும் பணம் தரப்பட்டது என்றும் குறித்திருக்கிறார். இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. நம் அர்ஜுன் டாங்கி 1974இல் அனுமதி பெற்று, 2004இல் படையில் சேர்ந்து, 124 வண்டிகள் ஆனபின், வெளிநாட்டு உதிரிபாகம் கிடைக்காமல் அவற்றில் பெரும்பாலானவை ஓடாமல் நிற்பதாக 2015 வாக்கில் செய்திகள் வந்தன. ஆள் ஓட்டும் டாங்கிக்கே இந்தக் கதி என்றால், வெப்பம் உணரும் கேமரா, ரேடியோச் சில்லு, லேசர் தூரமானி என்று அடுக்கிக்கொண்டே போகும் ஆளில்லா வண்டிக்கு லாடக்காரர் எத்தனை பேர் வேண்டும், எந்த நாட்டிலிருந்து வருவார்?

இனி, ஓடுகிற குதிரையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா 2007இல் ஈராக்குக்கு இயந்திரத் துப்பாக்கி பூட்டிய மூன்று சிறு சங்கிலி வண்டிகளை அனுப்பியது. அவை போரில் ஒரு குண்டும் சுடாமலே திரும்பின. எஸ்தோனியாவின் ‘தெமிஸ்’ வண்டி மாலியில் வீரர்களுக்குச் சுமை தூக்கியது, பிறகு உக்ரைனுக்கும் போனது. உக்ரைனில்தான் கணக்கு மாறியது. முன்னணிப் பதுங்குகுழிக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டரில் எந்த மனிதன் நடந்தாலும், எந்தப் பெரிய வண்டி ஓடினாலும் வானத்து ட்ரோன் பார்த்து அடித்துவிடுகிறது. அந்த இடைவெளியில் தண்ணீர், குண்டு, மருந்து கொண்டுபோகவும், காயம்பட்டவரைப் படுக்க வைத்து இழுத்துவரவும், கண்ணி புதைக்கவும் தாழ்ந்த, மலிவான, போனால் போகட்டும் என்று விடக்கூடிய வண்டிகளை நூற்றுக்கணக்கில் இறக்கினார்கள். 2024 டிசம்பரில் கார்கிவ் அருகே லிப்ட்சியில் ‘கார்த்தியா’ படைப்பிரிவு, காலாட்படையே இல்லாமல் தரை வண்டிகளையும் ட்ரோன்களையும் மட்டும் வைத்து ஒரு தாக்குதல் நடத்தியதாக அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தலைப்பில் வராத மூட்டை தூக்கும் வண்டிதான். நாளுக்கு நாள், இரவுக்கு இரவு அதுவே ஓடுகிறது. பெரிய வண்டியில் பெரிய பீரங்கி பூட்டும் திட்டங்களோ தடுமாறுகின்றன. அமெரிக்க ராணுவம் பல ஆண்டு வளர்த்த ‘ரோபோ போர் வண்டி’ திட்டத்தை 2025இல் நிறுத்திவிட்டது.

இதற்கு எழும் மறுப்புகளில் மிகக் கனமானது தொழில்நுட்பத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. 2024 ஜூன் 28 இரவு, லடாக்கில் தௌலத் பேக் ஓல்டி பக்கம், ஷியோக் ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் டி-72 டாங்கி ஒன்று திடீர் வெள்ளத்தில் சிக்கி, ஐந்து வீரர்கள் இறந்தார்கள். போரே இல்லை, தண்ணீர்தான். டாங்கிக்குள் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஐந்து பேரும் இன்று இருந்திருப்பார்கள் என்று ஒருவர் சொன்னால் அதை வாதத்தால் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் அந்த வாதம் எதை நிறுவுகிறது? ஆபத்தான ஆற்றில் முதலில் இறங்கி ஆழம் பார்க்கும் வண்டிக்கு ஆள் வேண்டாம் என்பதை. ஆழம் பார்க்கும் வண்டி எதிரே கரையில் நிற்பவரின் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே வேலை செய்கிறது. அதற்குப் பீரங்கியும் வேண்டாம், ஏவுகணையும் வேண்டாம். மலையிடுக்கில் ரேடியோ அலை வளையாது என்பதால், கரைக்கு அப்பால் பத்துக் கிலோமீட்டர் போய்ப் போரிட வேண்டிய ஆளில்லா டாங்கிக்கு அதே ஷியோக் பள்ளத்தாக்குதான் மிக மோசமான இடம். உயிரைக் காக்க வேண்டும் என்பவரும் நானும் ஒரே வண்டியைத்தான் கேட்கிறோம்.

செயற்கை அறிவு வந்துவிட்டது, இனிக் கயிறே வேண்டாம், வண்டி தானே பார்த்துப் போகும் என்பது இரண்டாவது மறுப்பு. வானத்தில் ட்ரோன் தானே பறப்பது எளிது, ஏனென்றால் வானத்தில் எதுவும் இல்லை. தரையில் எல்லாம் இருக்கிறது. புல்லும் சுவரும் கேமராவுக்கு ஒன்றுபோலத் தடையாகத் தெரியலாம். ஒரு குட்டை கணுக்கால் ஆழமா, கழுத்தாழமா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க் கரையில், கைப்பிடிச் சுவர் இடிந்த கிணற்றைக் கொடி மூடியிருந்தால் ஊர்க்காரரே தடுமாறுவார். ஆனாலும் இந்தத் துறையில் முன்னேற்றம் வரும். தொடர்பு அறுந்தால் வந்த தடத்திலேயே திரும்பிவரும் அளவு புத்தி வண்டிக்கு இருப்பது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை. நடப்பதற்கான புத்தி வேறு, சுடுவதற்கான புத்தி வேறு. கையைத் தூக்கியபடி வருபவர் சரணடைபவரா, மாட்டை விரட்டிக்கொண்டு போகும் ஊர்க்காரரா, எறிகுண்டு வீசப்போகிறவரா என்ற முடிவுக்குப் பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டும். தானியங்கி ஆயுதங்கள் குறித்து 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கில் இந்தியாவும் ஒன்று. கையைக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை என்பது அரசின் தரப்பு. அது ராஜதந்திரமாக இருக்கலாம். களத்தில் நிற்கும் சுபேதாருக்கு அது எந்த விதியையும் தரவில்லை.

வானத்து ட்ரோனே எல்லாம் செய்துவிடும், தரையில் எதற்குச் செலவு என்போரும் உண்டு. இருநூறு கிலோ மூட்டையையோ காயம்பட்ட மனிதனையோ சிறிய ட்ரோன் தூக்காது. மூன்று நாள் ஓரிடத்தில் அசையாமல் கிடந்து காவல் பார்க்காது. இதற்கு மேல் அந்த மறுப்பில் பொருள் இல்லை.

ஆவடிக்குத் திரும்பினால், மூன்று முந்த்ராக்களில் முதலில் எண்ணிக்கை பெருக வேண்டியது கண்ணி தேடும் வண்டி. 2001-02இல் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் மேற்கு எல்லையில் லட்சக்கணக்கில் கண்ணிகளைப் புதைத்தபோதும் பிறகு தோண்டி எடுத்தபோதும் எதிரியின் குண்டு ஒன்றும் படாமலே நம் வீரர்கள் செத்தார்கள், கால் இழந்தார்கள். கண்ணித் தடை உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே அந்த வேலை மறுபடியும் வரும். பாக் நீரிணைக்கு அப்பால், ஆவுடையார்கோவிலிலிருந்து கடல் வழியே அதிகத் தூரம் இல்லாத இலங்கையின் முகமாலையில், உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்து ஆண்டுகள் பல ஆனபின்னும் கண்ணி எடுத்தார்கள். போரில் குடும்பத்தை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர் முகக் கண்ணாடியும் மார்புக் கவசமும் அணிந்து மண்டியிட்டு, ஒரு கை அகலப் பட்டையாக மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறினார்கள். இயந்திரங்களும் வந்தன; ஆனாலும் பெரும்பகுதி வேலை கையாலேயே நடந்தது. நம் வண்டி அந்த மண்ணில், ஐப்பசி மழையில், பனங்காட்டு வேர்களுக்கு நடுவே ஓட வேண்டும். மகாஜன் மணலில் ஓடியது அதற்குச் சான்றாகாது.

ஆகவே படை அதைக் கயிறு மாற்றிக்கொள்வதற்கு முன் மூன்று சோதனை கேட்க வேண்டும். பக்கத்தில் ஜாமரை ஓடவிட்டு, தொடர்பு எத்தனை முறை, எவ்வளவு நேரம் அறுந்தது என்று எழுதிவைப்பது முதலாவது. செய்தவர்களின் பொறியாளர் ஒருவரும் வராமல், ரெஜிமெண்டின் சாதாரண மெக்கானிக்குகள் மட்டும் இருந்து, தொடர்ந்து முப்பது நாள் ஓட்டுவது இரண்டாவது. பட்டை கழன்ற வண்டியைச் சேற்றிலிருந்து யார், எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் இழுத்துவந்தார்கள் என்பது மூன்றாவது. கடைசிக் கேள்விக்குப் பதில் எட்டுப் பேர் என்று வந்தால், பிஎம்பி-2 வண்டியை உள்ளிருந்து இயக்கியவர்கள் மூன்றே பேர் என்பதையும் அதே தாளில் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.